கண் சிவந்தால்: எது தானாக ஆறும், எதற்கு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்?

நம் ஊர்களில் கண் சிவந்து பூளை கட்டினால் அதற்குப் பெயர் 'கண்வலி'. சென்னைப் பக்கம் 'மெட்ராஸ் ஐ' என்பார்கள். 'கண்வலி' என்ற பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊர் முழுக்கப் பரவும் அந்தச் சாதாரணக் கண்வலியில் உண்மையில் வலி அவ்வளவாக இருப்பதில்லை. மண் விழுந்தது போன்ற உறுத்தலும், நீர் வடிதலும், காலையில் இமை ஒட்டிக்கொள்வதும்தான் இருக்கும். பார்வையைப் பறிக்கக்கூடிய நோய்களிலோ கண் மெய்யாகவே வலிக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லிப் பழகிவிட்டதால், "கண்வலிதானே, நாலு நாளில் சரியாகிவிடும்" என்று ஆபத்தானதையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பள்ளிவாசல்களில் மக்ரிபுக்குப் பிறகு ஓதிப் பார்க்க வருபவர்களில் கண் சிவந்த பிள்ளைகளைத் தூக்கி வரும் தாய்மார்களும், ஒரு கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வரும் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். ஓதிப் பார்ப்பது நபிவழியில் உள்ளதுதான்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நோயைத் தந்த அல்லாஹ் அதற்குரிய மருந்தையும் தந்திருக்கிறான், எனவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று கற்றுத் தந்ததும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். ஓதிய பிறகு அந்தக் கண்ணோடு எங்கே போக வேண்டும் என்பதும் குடும்பத்தாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆலிம்களாகிய நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மூன்று கேள்விகள்

கண் சிவந்தவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வலி இருக்கிறதா? உறுத்தலைக் கேட்கவில்லை, கண்ணுக்குள்ளேயே குத்துவது போன்ற, பிசைவது போன்ற வலி. பார்வை மங்கியிருக்கிறதா? வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றுக்கு ஆம் என்றாலும் அன்றைக்கே கண் மருத்துவர் பார்க்க வேண்டும்.

பார்வை மங்கியதா என்று கேட்டால் பலரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஒரு கண் மங்கினால் மறு கண் அதை ஈடுகட்டிவிடுவதால் அவர்களுக்கே தெரியாது. எனவே ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு, மறு கண்ணால் சுவரில் மாட்டியிருக்கும் தொழுகை நேர அட்டவணையைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடே பார்க்கட்டும். பூளை மறைத்து மங்கலாக இருந்தால் கண் சிமிட்டியதும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் அது வேறு விஷயம்.

கருவிழியையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். அதில் சோற்றுப் பருக்கை போலவோ சிறு புள்ளியாகவோ வெள்ளை ஏதாவது தெரிந்தால் கேள்விகளே தேவையில்லை, உடனே கிளம்ப வேண்டும். கண்ணில் அடிபட்டவர்கள், காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள், அண்மையில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைகள் ஆகியோருக்குக் கண் சிவந்தால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவர்களும் அப்படித்தான்.

பயமுறுத்தும், ஆனால் கெடுதல் செய்யாத சிவப்பு

காலையில் கண்ணாடியைப் பார்த்தால் வெள்விழியில் ரத்தம் தெறித்தது போல ஒரு திட்டு இருக்கும். வலி இல்லை, பூளை இல்லை, பார்வையும் சரியாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் பதறிப்போவது இதைப் பார்த்துத்தான். பலத்த இருமல், தும்மல், வாந்தி, பாரம் தூக்குதல் என்று ஏதோ ஒன்றில் வெள்விழி மேலுள்ள மெல்லிய ரத்தக் குழாய் உடைந்திருக்கும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும், சொட்டு மருந்தே வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. தலையில் அடிபட்ட பிறகு இப்படி ரத்தம் கட்டினால் மட்டும் கதை வேறு, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அரிப்புதான் முதன்மையான தொல்லை என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. கோடையில் தூசியும் வெயிலும் சேர்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை, குறிப்பாகப் பையன்களை, ஆண்டுதோறும் இது படுத்துகிறது. கண்ணிலிருந்து நூல் போல இழுபடும் பூளை வரும். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பான். அந்தக் கசக்கல்தான் நமக்குக் கவலை. ஆண்டுக்கணக்கில் கசக்கினால் கருவிழி கூம்பு போலப் புடைத்துப் பார்வை கெடக்கூடும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய இமை மேல் வைத்தால் அரிப்பு தணியும். தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போய் ஒவ்வாமைக்கான சொட்டு மருந்து வாங்கித் தர வேண்டும். கைப்பேசியை விடாமல் பார்ப்பவர்களுக்குக் கண் உலர்ந்து சிவப்பதும் இப்போது அதிகம். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது என்பதே அதன் காரணம்.

பரவும் கண்வலியும் நம் பள்ளிவாசல்களும்

இனி அந்த 'மெட்ராஸ் ஐ'. பெரும்பாலும் அடினோ என்ற வைரஸால் வருவது. 1969 இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில், வேறொரு வைரஸால் வரும் இதன் கடுமையான வகை பரவியபோது, அப்போலோ 11 நிலவில் இறங்கிய சமயம் என்பதால் மக்கள் அதற்கு 'அப்போலோ நோய்' என்றே பெயர் வைத்தார்கள். ஊருக்கொரு பெயர் இருந்தாலும் நோயின் போக்கு ஒன்றுதான். ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் மறு கண்ணுக்குப் போகும், நீர் வடியும், ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து அதைக் கொல்லாது. மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிச் சீழ் வந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்குத்தான் அந்த மருந்து, அதையும் மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். கண்வலியாகத் தொடங்கியதில் சில நாள் கழித்து வலியோ கூச்சமோ மங்கலோ சேர்ந்தால் கருவிழியும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போதும் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்வலிக்காரரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று இன்னும் நம்புகிறார்கள். பார்வையால் பரவாது. கறுப்புக் கண்ணாடி வெயில் கூச்சத்துக்கு உதவுமே தவிர மற்றவரைக் காப்பாற்றாது. பரப்புவது கை. கண்ணைத் துடைத்த கை கதவுப் பிடியையும் குழாயையும் தொடுகிறது. அதைத் தொட்ட இன்னொரு கை இன்னொரு கண்ணைத் தொடுகிறது. உலர்ந்த பொருட்களின் மேலும் இந்த வைரஸ் பல நாட்கள் உயிரோடு இருக்கும்.

இதை நம் அன்றாடத்தோடு வைத்துப் பார்த்தால் செய்ய வேண்டியது தெரியும். தொழுகை முடிந்ததும் முஸாஃபஹா செய்கிறோம். சிலர் கொடுத்த கையை அப்படியே முகத்தில் தடவிக்கொள்கிறார்கள். உளூ செய்துவிட்டு அங்கே தொங்கும் பொதுத் துண்டில் முகம் துடைக்கிறோம். கண்ணீர் வடிய ஒருவர் ஸஜ்தா செய்த விரிப்பில் அடுத்த வக்தில் இன்னொருவர் முகம் வைக்கிறார். கண்வலி பரவும் நாட்களில் பொதுத் துண்டை எடுத்துவிடுவது, ஹவுளுக்குப் பதில் குழாயில் உளூ செய்வது, கண்வலி உள்ளவர் கைகொடுக்காமல் ஸலாம் மட்டும் சொல்வது, இவை நிர்வாகிகள் ஓர் அறிவிப்பில் செய்துவிடக் கூடியவை. நோய் ஜமாஅத்துக்கும் ஜும்ஆவுக்கும் வராமலிருக்கத் தகுந்த காரணம் என்பது ஃபிக்ஹு நூல்களில் உள்ளதே. கண்ணில் நீர் வடிந்துகொண்டிருப்பவர் வீட்டில் தொழுவதால் குறைந்துவிட மாட்டார். பூண்டு, வெங்காயம் சாப்பிட்டவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வந்து பிறரைத் தொல்லைப்படுத்த வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, நோயைக் கொண்டுவருவது அதைவிடப் பெரியதல்லவா? "தொற்று என்பதே இஸ்லாத்தில் இல்லை" என்று சிலர் வாதிப்பார்கள். நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றோடு சேர்க்க வேண்டாம் என்று தடுத்த ஹதீஸும் அதே புகாரி, முஸ்லிமில் இருக்கிறது. நோய் அல்லாஹ்வின் நாட்டமின்றித் தன் சுயசக்தியால் தொற்றுவதில்லை என்பதுதான் முந்தைய ஹதீஸின் பொருள் என்று இமாம்கள் விளக்கிவிட்டார்கள்.

ஹிஃப்ழு மதரஸாக்களில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் விஷயம் இன்னும் முக்கியம். வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் அறையில் ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒரு வாரத்தில் பாதிப் பேருக்கு வரும். தலையணை உறை, துண்டு, கைலி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கண் சிவந்த பிள்ளையைத் தனி அறையில் படுக்க வைக்க வேண்டும். பாடம் போய்விடுமே என்று உஸ்தாதுகள் கவலைப்படுவது நமக்குத் தெரியும். நாற்பது பேருக்குப் பாடம் போவதைவிட ஒருவருக்குப் போவது மேல். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே குப்பியிலிருந்து மருந்து விடுவதையும் நிறுத்த வேண்டும். குப்பியின் நுனி ஒரு கண்ணில் பட்டு அடுத்த கண்ணுக்குப் போனால் மருந்தே நோயைக் கொண்டுபோகும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து

"கண் சிவந்திருக்கு, ஏதாவது டிராப்ஸ் கொடுங்க" என்று கேட்டால் கடையில் கொடுப்பதில் பல நேரம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்ட மறுநாளே சிவப்பு மாயமாகிவிடும். 'நல்ல மருந்து' என்று பெயர் வாங்கி, அடுத்த வீட்டுக்கும் போகும். ஸ்டீராய்டு சிவப்பை அடக்குகிறது, நோயை அல்ல. பூஞ்சைக் கிருமியாலோ ஹெர்பீஸ் வைரஸாலோ வந்த புண்ணாக இருந்தால் அதை வளர்த்தே விடும். ஒவ்வாமைப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் இதைப் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, கிளாக்கோமா வந்து, வலியே இல்லாமல் பார்வை நரம்பு பட்டுப்போகும். கண்புரையும் வரும். பத்து வயதில் கண்புரை என்றால் காரணம் பெரும்பாலும் விசாரித்தால் தெரிந்துவிடும். மருத்துவரே ஸ்டீராய்டு தருவதுண்டு; அவர் கண்ணைப் பரிசோதித்து, எத்தனை நாள் என்று கணக்குச் சொல்லித் தருகிறார். குப்பியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் சீட்டு இல்லாமல் கண்ணில் விடாதீர்கள். திறந்து ஒரு மாதமான எந்தக் குப்பியும் குப்பைக்குத்தான்.

வயலிலும் பட்டறையிலும்

நெல் அறுவடைக் காலத்தில் கதிர் முனையோ உமியோ கண்ணில் படுவது தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் யாருக்கும் புதிதல்ல. கரும்புத் தோகை கீறும், கன்றுக்குட்டி வாலால் அடிக்கும், தேங்காய் உரிக்கும்போது நார் தெறிக்கும். கருவிழியின் மேல்தோல் மயிரிழை அளவு கீறினாலும் அது வாசல் திறந்தது போல. குளிர் நாடுகளில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை அபூர்வமான காரணம். நம் வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் அது பெரும் காரணம். செடிகொடிகளில் இருக்கும் ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் அந்தக் கீறல் வழியாக உள்ளே போய் மெதுவாக வளரும். முதல் இரண்டு நாள் உறுத்தல்தான் இருக்கும். நாலைந்து நாளில் கருவிழியில் வெள்ளை தெரியும். அதற்குள் கண்ணில் என்னென்னவோ போய்ச் சேர்ந்திருக்கும்: தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, சின்ன வெங்காயச் சாறு, தேன். நாக்கால் தூசி எடுக்கும் பாட்டிமார்களும் ஊருக்கு ஒருவர் உண்டு. இவற்றில் எதுவும் கிருமி நீக்கியது அல்ல.

இதில் நம்மவர்கள் செய்யும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜம்ஜம் நீரையும் ஓதி ஊதிய தண்ணீரையும் புண்ணான கண்ணில் விடுகிறார்கள். ஜம்ஜம் பரக்கத்தான நீர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹஜ்ஜிலிருந்து வந்து மாதக்கணக்கில் பிளாஸ்டிக் கேனில் இருந்து, பல கைபட்டுப் பல பாட்டில் மாறிய நீரில் நம் வீட்டுக் கிருமி சேர்ந்திருக்கும். துஆச் செய்து குடியுங்கள். திறந்த புண் உள்ள கண்ணில் விட வேண்டாம்.

பூஞ்சைப் புண்ணுக்கு மருந்து உண்டு. புண்ணிலிருந்து துளி சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா பாக்டீரியாவா என்று அன்றே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். நேட்டாமைசின் என்ற சொட்டு மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறை, பிறகு குறைத்து, வாரக்கணக்கில் போட வேண்டியிருக்கும். பொறுமை வேண்டிய மருத்துவம் இது. சீக்கிரம் வந்தவருக்குச் சிறு தழும்போடு முடியும். தாமதித்தவருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை போகலாம். சிலருக்குக் கண்ணையே எடுக்க நேர்கிறது. நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001 இல் வெளியான ஓர் ஆய்வு கவனிக்கத்தக்கது. கருவிழி கீறியவர்களுக்குக் கிராமத்திலேயே பயிற்சி பெற்ற பணியாளர்கள் சாதாரண ஆன்டிபயாடிக் களிம்பு போட்டார்கள். கீறிய 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதன் விலை இது.

வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் வேலை செய்பவர்களுக்கு இரவில் கண்ணில் மிளகாய்த் தூள் போட்டது போல எரியும். அது பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறும். இரும்புத் துகள் தெறித்து ஒட்டிக்கொண்டால் ஊசியாலோ தீக்குச்சியாலோ எடுக்கப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஏதாவது கண்ணைத் துளைத்து உள்ளே போயிருந்தால் பிடுங்கவோ கழுவவோ கூடாது. கண்ணை அழுத்தாமல் ஒரு காகிதக் குவளையால் மூடி அழைத்துச் செல்லுங்கள்.

சுண்ணாம்பு

வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளைகள் விளையாட்டாக அமுக்குவார்கள். அது வெடித்து நேரே கண்ணில் அடிக்கும். தாத்தா, பாட்டி வெற்றிலை போடும் வீடுகளில் இது நடந்துகொண்டே இருக்கிறது. சுண்ணாம்பு காரம், அமிலத்தைவிட மோசமானது, ஏனென்றால் அது நின்ற இடத்தில் நிற்காமல் கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும். இங்கே மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று: தண்ணீர். அந்த நிமிடமே குழாயடியில் பிள்ளையைச் சாய்த்து, இமைகளை விரித்துப் பிடித்து, அரை மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிள்ளை அலறும், விடக் கூடாது. இமைக்குள் ஒட்டியிருக்கும் துணுக்குகளை ஈரமான சுத்தத் துணி முனையால் எடுக்க முடிந்தால் எடுங்கள். எலுமிச்சை போன்ற எதையும் விட்டு 'முறிக்க'ப் பார்க்காதீர்கள். கழுவிய பிறகுதான் வண்டி. கழிவறை சுத்தம் செய்யும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் பட்டாலும் இதே முறைதான். பொட்டலத்தைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைப்பது மிக எளிது என்பதையும் பெரியவர்களிடம் மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

தலைவலியோடு வரும் சிவப்பு

ஐம்பது வயதைக் கடந்த பெண்களின் வீட்டார் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மாலையிலோ இரவிலோ திடீரென ஒரு பக்கத் தலைவலி, குமட்டல், வாந்தி. பித்தம் என்று இஞ்சிச் சாறும், ஒற்றைத் தலைவலி என்று மாத்திரையும் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். விளக்கைப் பார்த்தால் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்று அவர் சொல்லியிருப்பார். யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்தப் பக்கக் கண் சிவந்து, கல் போல இறுகி, கண்மணி விரிந்து நின்றால் அது கண்ணுக்குள் நீர் வடிகால் திடீரென அடைபட்ட கிளாக்கோமா. அன்றிரவே அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை நரம்பு நிரந்தரமாகச் சேதமடையும். போன பார்வை திரும்பாது. தலைவலியும் வாந்தியும் வந்தவரின் கண்ணை ஒருமுறை பார்த்தாலே இது பிடிபட்டுவிடும். மறு கண்ணுக்கும் வராமலிருக்க லேசரால் சிறு துளை போட்டுத் தடுக்கிறார்கள்.

கண்ணுக்குள் அழற்சி ஏற்பட்டு, கருவிழியைச் சுற்றிச் சிவந்து, வெளிச்சத்தில் வலிக்கும் ஒரு நோயும் உண்டு. இளைஞர்களுக்கும் வரும். நெடுநாள் முதுகுவலி, காசநோய் போன்றவற்றோடு தொடர்புள்ளதாக இருக்கலாம் என்பதால் மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் கேட்பார். கண்ணுக்கு எதற்கு எக்ஸ்ரே என்று வாதாட வேண்டாம்.

நிகாஹ் மேடைக்கு லென்ஸ்

அண்மைக் காலத்தில் மணப்பெண் அலங்காரத்தில் நிற லென்ஸ் ஒரு வழக்கமாகிவிட்டது. அலங்காரம் செய்ய வருபவரின் பெட்டியிலிருந்து, இதற்கு முன் யார் கண்ணில் இருந்தது என்று தெரியாத லென்ஸ் மணப்பெண் கண்ணுக்குப் போகிறது. இரவு களைப்பில் அதோடே தூங்கிவிடுகிறாள். லென்ஸோடு தூங்கும் கண்ணுக்குக் காற்று குறைந்து, கிருமி ஒட்டி, ஓரிரு நாளில் கருவிழியே கரையும் அளவுக்குப் புண் வரக்கூடும். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவினால் அகந்தமீபா என்ற உயிரி சேரும்; அதன் வலியும் மருத்துவமும் மாதக்கணக்கு. லென்ஸ் வேண்டுமென்றால் கண் மருத்துவர் அளவு பார்த்துத் தந்த சொந்த லென்ஸாக இருக்கட்டும். உளூ செய்யும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். லென்ஸைக் கழற்ற வேண்டிய அவசியமில்லை, ஏனெனில் கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது உளூவில் கடமையே இல்லை. தூங்குமுன் கட்டாயம் கழற்ற வேண்டும்.

பச்சிளம் குழந்தையும் சுர்மாவும்

பிறந்த குழந்தையின் கண் வீங்கிச் சீழ் வடிந்தால், பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றிய கிருமியாக இருக்கலாம். சில கிருமிகள் ஓரிரு நாளிலேயே கருவிழியைத் துளைத்துவிடும். தாய்ப்பால் விட்டுப் பார்க்கும் நேரமல்ல அது.

சுர்மா இடுவது நபிவழியில் வந்தது, இஸ்மித் கல்லின் சிறப்பும் ஹதீஸ்களில் உள்ளது. அதை நாம் மதிக்கிறோம். இன்று கடைகளில் சுர்மா என்று விற்கப்படும் தூள்களில் பல ஈயக் கலவை என்று பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. குழந்தை கண்ணைத் தேய்த்துக் கையை வாயில் வைக்கும். ஈயம் உடம்பில் சேர்ந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே குழந்தைகளுக்கு அது வேண்டாம். சிவந்த கண்ணில் யாருக்குமே வேண்டாம். ஒரே சுர்மாக் குச்சியை வீடு முழுக்கப் பயன்படுத்துவதும் கூடாது.

'கஹ்ஹால்' என்றால் அரபியில் சுர்மா இடுபவர். அச்சொல்லே கண் மருத்துவருக்குப் பெயரானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா அல்கஹ்ஹால் எழுதிய 'தத்கிரதுல் கஹ்ஹாலீன்' பல நூற்றாண்டுகள் கண் மருத்துவத்தின் பாடநூலாக இருந்தது. நோயைப் பிரித்தறிந்து மருந்து தரும் அந்த மரபு நம்முடையது. இஹ்ராமில் இருப்பவருக்குக் கண் நோவு வந்தால் ஸபிர் என்ற கற்றாழை மருந்திட்டுக் கட்டலாம் என்று உஸ்மான் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் வருகிறது. இஹ்ராமிலும் கண்ணைக் கவனிக்கச் சொன்ன மார்க்கம் இது. அதற்காகத் தொட்டிக் கற்றாழையைப் பிழிந்து கண்ணுக்குள் விட்டுவிடாதீர்கள்.

நோன்பு, உளூ, ஸஜ்தா

ரமளானில் சொட்டு மருந்தை நிறுத்திவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஷாஃபிஈ, ஹனஃபீ இரண்டு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. தொண்டையில் அதன் கசப்பு தெரிந்தாலும் முறியாது. மனம் ஒப்பாதவர்கள் மருந்து விட்டதும் மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். கிளாக்கோமா உள்ளவர் ஒரு மாதம் மருந்தை விட்டால் இழக்கும் பார்வை பெருநாளுக்குப் பிறகு வராது.

நோயால் கண்ணில் நீரோ சீழோ வடிந்தால் உளூ முறியுமா என்று கேட்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. ஹனஃபீ மத்ஹபில் நோயின் காரணமாக வடிவது உளூவை முறிக்கும். ஓயாமல் வடிந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒரு உளூ போதும்.

கண்புரை அறுவைக்குப் பிறகு சில நாட்கள் கண்ணில் தண்ணீர் படக் கூடாது, குனியக் கூடாது என்பார்கள். முகத்தில் கழுவ முடிந்த பகுதியைக் கழுவிவிட்டு, முடியாத பகுதிக்காக ஷாஃபிஈகள் தயம்மும் செய்துகொள்ளலாம். ஹனஃபீகள் அந்த இடத்தில் ஈரக்கையால் தடவலாம். அதுவும் தீங்கு என்றால் விட்டுவிடலாம். ஸஜ்தாவுக்கு நாற்காலியில் அமர்ந்து சைகை போதும். நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தது புகாரியில் உள்ளது. அறுவை செய்த கண் நன்றாகத் தெளிந்து வந்த பிறகு மறுபடி சிவந்து, வலித்து, மங்கத் தொடங்கினால், மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றிரவே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போங்கள். அது தூரமென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். அங்கே கண் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை.